ஸ்பெயினின் மூர் நகரங்களுக்கு ஒரு நாள் பயணம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாட்ரிட்டில் இருப்பதால் வருடத்துக்கு நாலைந்து குடும்பமாவது என்னிடம் வழி கேட்கும். சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யார் யாரோ. கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டுவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

மூர் மூர்னு சொல்றாங்களே, அவங்க எந்த நாட்டுக்காரங்க?

ஒரே நாட்டுக்காரர்கள் இல்லை. 711-இல் தாரிக் இப்னு ஸியாத் என்ற தளபதி வட ஆப்பிரிக்காவிலிருந்து கடலைத் தாண்டி ஸ்பெயினுக்குள் வந்தார். அவர் படையில் பெரும்பாலானோர் பெர்பர்கள், கொஞ்சம் அரபுகள். அவர் வந்து இறங்கிய மலைக்கு ஜபல் தாரிக், அதாவது தாரிக்கின் மலை என்று பேர் வந்து, அதுதான் ஜிப்ரால்டர் ஆனது. அப்புறம் வந்த தலைமுறைகளில் உள்ளூர் மக்களே பலர் இஸ்லாத்துக்கு மாறினார்கள். இவர்கள் எல்லாரையும் சேர்த்து ஐரோப்பியர்கள் வைத்த பொதுப்பெயர்தான் மூர். அவர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை, தங்கள் நாட்டை அல் அந்தலுஸ் என்றார்கள்.

இலங்கை வாசகர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்காது. போர்ச்சுகீசியர்கள் இலங்கைக்கு வந்தபோது அங்கிருந்த முஸ்லிம்களையும் தங்கள் ஊர்ப் பழக்கத்தில் அதே பெயரால்தான் அழைத்தார்கள், நாம் சோனகர் என்று சொல்வோரை அரசாங்கக் கணக்கில் இன்றும் மூர் என்றே எழுதுகிறார்கள்.

சரி, எந்தெந்த ஊர்? எங்க தங்கினா எது பக்கம்?

முக்கியமானவை நாலு: டொலேடோ, கோர்டோபா, செவில், கிரனடா. மாட்ரிட்டில் தங்கினால் டொலேடோ ரயிலில் அரை மணி நேரம், கோர்டோபா ஒன்றே முக்கால் மணி நேரம், செவில் இரண்டரை மணி நேரம், கிரனடா மூன்றரை மணி நேரம் வரை. செவிலில் தங்கினால் கோர்டோபா முக்கால் மணி நேரம்தான். மாலகாவில் தங்கினால் கோர்டோபா ஒரு மணி நேரம், கிரனடாவுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

மாட்ரிட்டே மூர்கள் தொடங்கிய ஊர்தான், இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் கோர்டோபா அமீர் முதலாம் முஹம்மது கட்டிய காவல் கோட்டை அது, பேர் மஜ்ரித். அந்தப் பழைய மதிலில் ஒரு துண்டு அல்முதேனா தேவாலயத்துக்குப் பின்னால் இன்னும் நிற்கிறது. ரயிலுக்கு நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள், காசு கிடையாது.

எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எதைப் பார்க்கிறது?

கோர்டோபா. யோசிக்கவே வேண்டாம். கிரனடாவின் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனை இதைவிட அழகு என்று பலர் சொல்வார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் பயணம் என்று வரும்போது தூரம், டிக்கெட், நடை மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கோர்டோபாவில் ரயில் நிலையத்திலிருந்து 25 நிமிடம் நடந்தால் பழைய மசூதி வந்துவிடும், ஊர் ஏறக்குறைய சமதளம், மசூதி, யூதத் தெருக்கள், ரோமானியப் பாலம் எல்லாம் ஒரே இடத்தில். சாயங்கால ரயிலில் அலுப்பில்லாமல் திரும்பி வரலாம்.

ஒரே நாள்ல ரெண்டு ஊர் பார்த்திடலாமா? டூர்காரங்க போடறாங்களே?

போடுவார்கள். பஸ்ஸில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், ஒவ்வொரு ஊரிலும் ஒன்றரை மணி நேரம் நிற்பீர்கள், அதில் கால்வாசி கழிப்பறை வரிசையில் போகும். வீட்டுக்கு வந்து போட்டோவைப் பார்த்தால் எது எந்த ஊர் என்று குழம்பும். இது மிகையில்லை, என் சித்தப்பா குடும்பத்துக்கு நடந்தது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மாட்ரிட்டிலிருந்து செவிலுக்குத் தங்கப் போகிறவர்கள் வழியில் கோர்டோபாவில் இறங்கலாம், அதே பாதைதான். காலையில் கிளம்பி, ஐந்தாறு மணி நேரம் ஊரைப் பார்த்து, சாயங்காலம் அடுத்த ரயிலில் செவில். இரண்டு தனி டிக்கெட்டாக எடுக்க வேண்டும். பெட்டிகளை என்ன செய்வது என்பதை மட்டும் முன்பே முடிவு செய்யுங்கள், ஸ்பானிய மொழியில் பெட்டி வைக்கும் இடத்துக்குக் கொன்சிக்னா என்று பெயர்.

ரயிலுக்கு முன்னாடியே புக் பண்ணணுமா, நேரா போய் ஏறலாமா?

முன்பே எடுங்கள். அதிவேக ரயில்களில் விலை விமான டிக்கெட் மாதிரிதான், நாள் நெருங்க நெருங்க ஏறும். மாட்ரிட்டுக்கும் கோர்டோபா, செவிலுக்கும் இடையே ரென்ஃபே, இர்யோ, ஊய்கோ என்று மூன்று நிறுவனங்கள் ஓட்டுகின்றன. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நல்ல வித்தியாசம் கிடைக்கும். பெட்டிகளை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுவார்கள், அதனால் அரை மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள்.

செவிலை ஸ்பானியர்கள் 'செவிய்யா' என்பார்கள். ஒலிபெருக்கியில் செவில் என்று சொல்வார்கள் என்று காத்திருந்து ரயிலை விட்டவர்கள் உண்டு.

கோர்டோபால இருக்கிறது மசூதியா, சர்ச்சா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இன்றைக்கு அது கத்தோலிக்கப் பேராலயம், வழிபாடு நடக்கிறது. கட்டடம் மசூதி. ஊர்க்காரர்கள் பேச்சில் 'மெஸ்கித்தா', மசூதி என்பதற்கான ஸ்பானியச் சொல். கோர்டோபா அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான் 785 வாக்கில் கட்டத் தொடங்கினார், இருநூறு வருடத்தில் மூன்று முறை பெரிதாக்கினார்கள். உள்ளே 850-க்கும் மேல் தூண்கள். அந்தத் தூண்களில் பல, பழைய ரோமானிய, விசிகோத் (மூர்களுக்கு முன் ஸ்பெயினை ஆண்டவர்கள்) கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை, உயரம் போதவில்லை. கூரையை உயர்த்த வேண்டும், தூண் குட்டை, என்ன செய்வது? ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவு வைத்தார்கள். சிவப்புச் செங்கல்லும் வெளிர் கல்லும் மாறி மாறி வருகிற அந்த இரட்டை வளைவுகள்தான் எல்லாருடைய போட்டோவிலும் இருப்பது. குறையைச் சரிக்கட்டப் போய் வந்த அழகு அது.

1236-இல் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் ஃபெர்தினாந்து ஊரைப் பிடித்ததும் மசூதி தேவாலயமானது. ஆனால் உள்ளே பெரிதாகக் கைவைக்கவில்லை. 1523-இல்தான் தூண்களுக்கு நட்டநடுவே பெரிய தேவாலய மண்டபத்தை எழுப்பினார்கள், நகர மன்றம் எதிர்த்தும் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அனுமதி கொடுத்தார். பின்னால் நேரில் வந்து பார்த்து, எங்கும் கட்டக்கூடியதைக் கட்டுவதற்காக உலகில் எங்குமே இல்லாததைக் கெடுத்துவிட்டீர்களே என்று அவர் வருந்தியதாக ஒரு கதை உண்டு. அனுமதி கொடுத்தவரே வருந்தினாராம். அதே ஆள்தான் அல்ஹம்ப்ராவுக்குள்ளும் தனக்கு ஒரு அரண்மனை கட்டிக்கொண்டார்.

உள்ளே நுழைந்ததும் நேராகத் தென்கோடிக்கு, தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்குப் போங்கள். பத்தாம் நூற்றாண்டில் கலீபா இரண்டாம் அல் ஹக்கம் கட்டியது, தங்க மொசைக் வேலைக்கு பைசாந்தியப் பேரரசர் கைவினைஞரையும் சில்லுகளையும் அனுப்பி வைத்தார். பத்தரை மணிக்கு மேல் அங்கே கூட்டம் அடைத்துக்கொள்ளும்.

மெஸ்கித்தாவுக்கு இலவச நேரம் இருக்காமே?

திங்கள் முதல் சனி வரை காலை 8:30-லிருந்து 9:30 வரை. குழுக்களாக விடமாட்டார்கள், அமைதியாகச் சுற்றிப் பார்க்கலாம், 9:30 ஆனதும் வெளியேற்றிவிடுவார்கள். திருவிழா நாட்களில் இருக்காது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். செவிலிலிருந்து அதிகாலை ரயில் பிடித்தால் சாத்தியம். மாட்ரிட்டிலிருந்து ஓடி வந்தால் கடைசிக் கால்மணி நேரம் கிடைக்கும், அதற்குக் காசு கொடுத்து நிம்மதியாகப் பார்ப்பதே மேல். ஆரஞ்சு மரங்கள் இருக்கும் வெளி முற்றத்துக்கு எப்போதுமே கட்டணம் இல்லை.

அங்க தொழுகை பண்ணலாமா? நாங்க முஸ்லிம் குடும்பம்.

அனுமதி இல்லை. ஸ்பானிய முஸ்லிம்கள் பலமுறை கேட்டும் திருச்சபை மறுத்துவிட்டது, காவலர்கள் இதில் கண்டிப்பாக இருப்பார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும், போகும் முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. கிரனடாவில் அல்பைசின் மேட்டில், சான் நிக்கோலாஸ் திடலுக்குப் பக்கத்திலேயே 2003-இல் திறந்த புதிய மசூதி இருக்கிறது. அதன் தோட்டத்திலிருந்து எதிரே அல்ஹம்ப்ரா முழுதாகத் தெரியும், திடலில் இருக்கும் நெரிசல் இங்கே கிடையாது.

கிரனடாவை மாட்ரிட்ல இருந்து போய்ட்டு அன்னிக்கே திரும்பலாமா?

முடியும். 2019-இல் அதிவேக ரயில் வந்தபின் கணக்குப்படி முடியும். ஆனால் ஏழு மணி நேரம் ரயிலிலேயே போய்விடும், அல்ஹம்ப்ராவுக்கு மட்டும் மூன்று, நான்கு மணி நேரம் வேண்டும், மிச்சம் ஒன்றும் இருக்காது. நான் சொல்வது இதுதான்: மற்ற ஊர்களை ஒரு நாளில் பாருங்கள், கிரனடாவில் ஒரு ராத்திரி தங்குங்கள். சாயங்கால வெயிலில் அந்தக் கோட்டை சிவப்பாக மாறுவதை எதிர் மேட்டிலிருந்து பார்க்காமல் திரும்பினால் போனதில் பாதிதான் கணக்கு. அல் ஹம்ரா என்றாலே சிவந்தது என்றுதான் அர்த்தம். மாலகாவில் தங்கியிருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஒரு நாளில் தாராளமாகப் போய் வரலாம்.

அல்ஹம்ப்ரா டிக்கெட் எல்லாம் தீர்ந்துடுச்சு. வேற வழி?

ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு இருக்கிறது, சீசனில் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். முதலில் இரவு டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள், கிரனடாவை ஆண்ட கடைசி முஸ்லிம் வம்சமான நஸ்ரித்களின் அரண்மனைகளை இரவிலும் சில நாட்கள் திறக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் அரண்மனை இல்லாமல் தோட்டங்கள், ஹெனராலிஃபே என்ற கோடை மாளிகை, அல்கசாபா கோட்டை மட்டும் பார்க்கும் டிக்கெட் உண்டு. சும்மா மேலே ஏறிப் போனாலும் நீதி வாசல், ஐந்தாம் சார்லஸின் அரண்மனை முற்றம் இரண்டையும் காசில்லாமல் பார்க்கலாம். வெளியே சதுரம், உள்ளே வட்டம் என்று வித்தியாசமான கட்டடம்.

டிக்கெட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும், அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். 12 வயதுக்குக் கீழ் இலவசம், ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். இதை விட்டுவிட்டு வாசலில் குழந்தையோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிக்கெட்ல 11:30னு போட்டிருக்கு. அது உள்ளே நுழையற நேரமா?

அது நஸ்ரித் அரண்மனைகளின் வாசலில் நிற்க வேண்டிய நேரம். மலையடிவாரத்தில் நிற்கும் நேரம் இல்லை, முதல் கேட்டில் நிற்கும் நேரமும் இல்லை. ஹெனராலிஃபே பக்க நுழைவாயிலிலிருந்து அரண்மனைக்கு 15, 20 நிமிடம் நடை. முதல் தடவை நான் போனபோது ஹெனராலிஃபே தோட்டத்தில் நீர்த்தாரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, கடைசியில் ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்தேன். முதல் இரண்டு அறைகள் எப்படி இருந்தன என்று கேட்டால் எனக்கு ஞாபகமே இல்லை. தவறவிட்டால் பொதுவாக விடமாட்டார்கள். மற்ற பகுதிகளுக்கு நேரக் கட்டாயம் இல்லை, அதனால் அரண்மனை நேரத்தை முதலில் வைத்து மீதியைச் சுற்றி அடுக்குங்கள்.

உள்ளே போனதும் எல்லாரும் சிங்க முற்றத்துக்கு ஓடுவார்கள், பன்னிரண்டு சிங்கங்கள் தாங்கும் தொட்டி. அந்தத் தொட்டியின் விளிம்பிலேயே இப்னு ஸம்ராக் என்ற அரசவைப் புலவரின் கவிதை செதுக்கியிருக்கிறது. சுவர்களிலும் எழுத்துதான். 'இறைவனைத் தவிர வெற்றியாளர் எவருமில்லை' என்ற நஸ்ரித் வம்ச வாசகம் நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை அந்த எழுத்து வடிவத்தை மனதில் பிடித்துக்கொண்டால் அப்புறம் நீங்களே அறை அறையாகக் கண்டுபிடிப்பீர்கள். குழந்தைகளுக்கு இது நல்ல விளையாட்டு. இன்னொன்று, இவ்வளவும் பளிங்கு என்று நினைக்காதீர்கள், பெரும்பகுதி சுண்ணச் சாந்து, மரம், ஓடு. விலை குறைந்த பொருளில் கைவேலையால் செய்த மாயம்.

செவில் அல்காசர் எந்த சுல்தான் கட்டினது?

நீங்கள் போட்டோவில் பார்த்து மயங்கிய பகுதியை எந்த சுல்தானும் கட்டவில்லை. செவில் 1248-லேயே கிறிஸ்தவர் கைக்குப் போய்விட்டது. அந்த அரண்மனையை 1364-இல் கட்டத் தொடங்கியவர் முதலாம் பெத்ரோ என்ற கஸ்தீலியக் கிறிஸ்தவ அரசர். டொலேடோ, செவில் கைவினைஞர்களோடு கிரனடாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், கிரனடா சுல்தான் ஐந்தாம் முஹம்மது பெத்ரோவுக்குக் கூட்டாளி. சுவரில் அரபு எழுத்தில் கிறிஸ்தவ அரசரின் புகழ். இந்தப் பாணிக்கு முதேஹர் என்று பெயர். எதிரியை ஜெயித்தவர்கள் எதிரியின் ரசனையை விட முடியாமல் போனதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் பார்வையே வேறாக இருக்கும்.

நிஜமாகவே முஸ்லிம் ஆட்சியில் கட்டியது வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஹிரால்தா கோபுரம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் அல்மொஹாதுகள் என்ற வட ஆப்பிரிக்க முஸ்லிம் வம்சத்தார் எழுப்பிய மினாரா, மேலே மணிக்கூண்டு மட்டும் பிறகு வைத்தது.

டொலேடோவில மூர் சமாச்சாரம் என்ன இருக்கு? அது சர்ச் ஊரு இல்லையா?

1085-லேயே கிறிஸ்தவ அரசர் ஆறாம் அல்போன்ஸோ பிடித்துவிட்டதால் பெரிய அரண்மனை எதுவும் இல்லை. ஆனால் 999-இல் கட்டிய சின்ன மசூதி ஒன்று இருக்கிறது, இப்போது கிறிஸ்தோ தெ லா லூஸ் என்று பெயர். ஒரு பெரிய அறை அளவுதான், ஒன்பது சிறு விதானங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அப்புறம் சாந்தா மரியா லா பிளாங்கா என்ற பழைய யூத ஜெப ஆலயம்: யூதர்களுக்காக, கிறிஸ்தவர் ஆட்சியில், மூர் பாணி குதிரை லாட வளைவுகளோடு கட்டியது, பிறகு தேவாலயமானது. மாட்ரிட்டிலிருந்து அரை நாள் போதும்.

மூணு மதமும் அங்க ஒற்றுமையா வாழ்ந்தாங்கன்னு படிச்சேன். உண்மைதானா?

பாதி உண்மை. டொலேடோவில் அரபு நூல்களை யூதரும் கிறிஸ்தவரும் சேர்ந்து உட்கார்ந்து லத்தீனுக்கு மாற்றினார்கள், அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய இப்னு ருஷ்தும் யூத அறிஞர் மைமோனிதெஸும் ஒரே கோர்டோபாவில் பிறந்தவர்கள். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், 1066-இல் கிரனடாவில் யூதர்களைக் கூட்டமாகக் கொன்றார்கள். மைமோனிதெஸின் குடும்பமே அல்மொஹாதுகளின் கெடுபிடி தாங்காமல் ஊரை விட்டு ஓடியது. 1492 ஜனவரி 2-இல் கடைசி சுல்தான் போஅப்தில் கிரனடாவை ஒப்படைத்தார், மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதே அல்ஹம்ப்ராவிலிருந்து யூதர்களை வெளியேற்றும் ஆணை வந்தது. மதம் மாறி இருந்துவிட்ட முஸ்லிம் வம்சத்தாரையும் 1609-லிருந்து 1614-க்குள் துரத்திவிட்டார்கள். வழிகாட்டிகள் சிலர் முதல் பத்தியை மட்டும் சொல்வார்கள், சிலர் இரண்டாவதை மட்டும். இரண்டும் ஒரே மண்ணில்தான் நடந்தது.

மதீனா அஸஹாரா போகணுமா, இல்ல வெறும் இடிஞ்ச சுவரா?

இடிந்த சுவர்தான், ஆனால் யாருடையது என்று தெரிந்தால் பிடிக்கும். 929-இல் தன்னை கலீபாவாக அறிவித்துக்கொண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மான் கோர்டோபாவுக்கு மேற்கே சில கிலோமீட்டரில் கட்டிய தலைநகரம். நூறு வருடம்கூட நிற்கவில்லை, உள்நாட்டுச் சண்டையில் சூறையாடிவிட்டார்கள். 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. திங்கட்கிழமை மூடியிருக்கும், மரநிழல் குறைவு. ஒரே நாள் பயணத்தில் இதையும் மெஸ்கித்தாவையும் சேர்த்தால் மதியச் சாப்பாடு போய்விடும். இரண்டாவது முறை வருபவர்களுக்குச் சொல்வேன், முதல் முறைக்கு வேண்டாம்.

ஜூலைலதான் லீவு. நாங்க சென்னைக்காரங்க, வெயில் பழக்கம்தானே?

எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். கோர்டோபா, செவிலில் ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரிக்கு மேல் சாதாரணம், வேர்வையே தெரியாத வறண்ட வெயில். உடம்பில் தண்ணீர் குறைவது தெரியாமலே தலை சுற்றும். மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை ஊர்க்காரர்களே வெளியே வரமாட்டார்கள். காலையில் முடித்துவிட்டு மதியம் ரயிலேறிவிடுங்கள். மார்ச்சிலிருந்து மே வரையும் அக்டோபரும் நல்ல காலம், மே மாதம் கோர்டோபாவில் வீட்டு முற்றங்களைப் பூத்தொட்டிகளால் அலங்கரிக்கும் திருவிழா, அழகு, கூட்டமும் அதே அளவு.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்த ஊர் சரிப்படும்?

கோர்டோபா, ஊர் சமதளம் என்று மேலே சொன்ன காரணத்துக்காக. கூழாங்கல் பதித்த சந்துகளில் மட்டும் நல்ல செருப்பு வேண்டும். ஹிரால்தாவில் கீழிருந்து மணிக்கூண்டு வரை ஏறக்குறைய முழுதும் சாய்தளம்தான், பாங்கு சொல்பவர் குதிரையில் போக என்று சொல்வார்கள், மெதுவாக ஏறலாம். டொலேடோ மலைமேல் இருக்கிறது, ஆனால் பாதி ஏற்றத்துக்கு நகரும் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். அல்ஹம்ப்ராவுக்கு ஊருக்குள்ளிருந்து சிறிய பஸ் போகிறது, உள்ளே நடை அதிகம்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். சைவம் என்று சொன்னாலும், மேலே தூவும் பன்றி இறைச்சித் துண்டுகளை இறைச்சியாகவே எண்ணாத கடைகள் உண்டு. கோர்டோபாவின் சல்மொரேஹோ, தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த கூழ், மேலே ஹாமோன் என்ற பன்றி இறைச்சியும் முட்டையும் போட்டுத் தருவார்கள், 'சின் ஹாமோன், சின் வேவோ' என்றால் இரண்டும் இல்லாமல் வரும். கத்தரிக்காயை வறுத்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவது, செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்தது, இரண்டும் நன்றாக இருக்கும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான், நாலு மணிக்குச் சமையலறையை மூடினால் எட்டு வரை ஒன்றும் கிடைக்காது.

கிரனடாவில் பேராலயத்தைச் சுற்றி ரோஸ்மேரிக் குச்சியைக் கையில் திணிக்கும் பெண்கள் இருப்பார்கள், அது சாப்பிடவும் இல்லை, இலவசமும் இல்லை. கையை வாங்கிக்கொண்டு நடந்துவிடுங்கள்.

மெஸ்கித்தா முற்றத்துல ஆரஞ்சு காய்ச்சுத் தொங்குதே, பறிச்சுச் சாப்பிடலாமா?

பறிக்கக் கூடாது. பறித்தாலும் சாப்பிட முடியாது, கசப்பும் புளிப்பும் சேர்ந்து பல் கூசும். செவில் தெருக்களில் நிற்பதும் இதே ஜாதி, ஆங்கிலேயர்கள் மார்மலேடு செய்ய வாங்குவார்கள். அரபுகள் கொண்டு வந்த மரம். ஸ்பானிய மொழியில் இதற்கு 'நரான்ஹா'. அரபில் நாரஞ்ச், அதற்கு முன் பாரசீகம், அதற்கும் முன் சமஸ்கிருதத்தின் நாரங்கம், அதன் வேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சி செய்பவர்கள் பலர் கருதுகிறார்கள். நம் நாரத்தங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா அங்கே கீழே விழுந்து கிடந்த ஒன்றை எடுத்து நகத்தால் கீறி மோந்து பார்த்துவிட்டு, "உப்பு போட்டு ஊற வைக்கலாம்டா" என்றாள்.